‘ஒன்றும் செய்யாது’ என்ற சொல்லை இன்றோடு விடுவோம்

வார்டில் நிற்கும் செவிலியர் தோழர்களே, ஆய்வகத்தில் என்னோடு ட்யூப் பிடிக்கும் தோழர்களே, தியேட்டரில் ரத்தம் துடைக்கிற, சிவப்புப் பையும் மஞ்சள் பையும் தூக்குகிற, சலவைக்குத் துணி மூட்டை கட்டுகிற ஒப்பந்தத் தோழர்களே!

ஜூலை 28 அன்று நம் வாயிற்கூட்டம். பஞ்சப்படியும் நிலுவைச் சம்பளமும் அன்றைக்குப் பேச்சில் வராது. அவற்றுக்கு வேறு நாள் இருக்கிறது. அன்று பேசப்போவது நம் ரத்தத்தில் நமக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கக்கூடிய கிருமியைப் பற்றி. ஹெபடைட்டிஸ் பி. கூடவே ஹெபடைட்டிஸ் சி. இரண்டையும் ஊரில் ‘மஞ்சக்காமாலை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அந்த மூட்டையை அவிழ்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

இருபத்தாறு வருடமாக அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. என் ரத்தத்தைப் பற்றி உங்களில் நான்கு பேரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இன்று எல்லோரிடமும் சொல்கிறேன். எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது.

2008-ல் நம் சங்கம் நடத்திய ரத்ததான முகாமில் முதல் ஆளாகப் படுத்துக் கையை நீட்டினேன். இரண்டு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான பரிசோதனைக் கார்டுகளில், கிருமி உண்டு என்று காட்டும் இரண்டு கோடு விழுவதைப் பார்த்தவன், என் பெயரில் ஒரு கார்டு ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. பயந்துபோய் ஒரு மருத்துவரிடம் ஓடினேன். எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தது. “நீ கேரியர்தான்ப்பா. ஒன்றும் செய்யாது. போய் வேலையைப் பாரு” என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பதினோரு வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது. 2019-ல் சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது கல்லீரல் சொரசொரவென்று தெரிகிறது என்றார்கள். ஃபைப்ரோஸ்கேன் எடுத்தேன். தழும்பு மூன்றாம் நிலை. அதற்கு அடுத்த படி சிரோசிஸ்.

பதினோரு வருடம் எனக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கண் மஞ்சளாகவில்லை. இரவு ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் எதற்கும் சளைக்கவில்லை. அந்த அமைதிக்குள் என் கல்லீரலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இப்போது படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அதை உங்களுக்குச் சொல்லாமல் ‘வாருங்கள், பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்று மட்டும் கூப்பிட்டால் நீங்கள் வரமாட்டீர்கள். நானும் அப்படித்தான் வராமல் இருந்தேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹெபடைட்டிஸ் பி கிருமி கல்லீரல் செல்லைத் தானாகக் கொல்வதில்லை. உள்ளே புகுந்து, செல்லின் உட்கருவில் தன் மரபணுவை ஒரு மூடிய வளையமாக ஆக்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து படி எடுத்துக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்காரரை எழுப்பாமல் குடியிருக்கும் ஆள் மாதிரி. கல்லீரலைப் புண்ணாக்குவது பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்ப்புப் படையேதான். கிருமி புகுந்த செல் எது என்று அந்தப் படையின் டி செல்கள் கண்டுபிடித்து அந்தச் செல்லையே அழிக்கின்றன. செல் உடைந்தால் உள்ளிருக்கும் நொதி ரத்தத்தில் கலக்கிறது. நான் தினமும் மெஷினில் பார்த்து எழுதிக் கொடுக்கும் எஸ்.ஜி.பி.டி. எண் அதுதான்.

வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றினால், அவருடைய டி செல்கள் சில வாரங்களில் விழித்துக்கொண்டு முழு மூச்சாக வேலை செய்கின்றன. கண் மஞ்சளாகலாம், வாந்தி வரலாம், மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கலாம். ஆனால் அப்படித் தொற்றுகிற பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கிருமியை அடக்கிவிடுகிறார்கள். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்றினால் கணக்கு தலைகீழ். நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அந்தக் குழந்தை மஞ்சளாவதில்லை, அழுவதில்லை, பால் குடிக்காமல் இருப்பதில்லை. கொழுகொழுவென்று வளர்கிறது. படாதபாடு பட்டவர் தப்பிக்கிறார். எதுவுமே தெரியாதவர் சிக்கிக்கொள்கிறார். ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்று நாம் சொல்லும் ஆறுதலுக்கு இந்த நோயில் பொருள் வேறு.

கல்லீரலின் சுபாவமும் இதற்கு ஒரு காரணம். குடலிலிருந்து வரும் ரத்தம் முழுக்க முதலில் அங்கேதான் போய்ச் சேருகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அந்த வழியாகத்தான் வருகிறது. சாப்பாட்டின் துணுக்குகள், குடல் பாக்டீரியாவின் சிதறல்கள் என்று ஓயாமல் அந்நியப் பொருள்கள் வந்து விழும் இடம். ஒவ்வொன்றுக்கும் சண்டைக்கு நின்றால் உடம்பு தாங்காது. அதனால் கல்லீரல் பொறுத்துப் போகும் குணம் கொண்ட உறுப்பு. 1969-ல் ராய் கால்ன் என்ற அறுவை மருத்துவர் பன்றிகளுக்குள் கல்லீரல் மாற்றிப் பார்த்தபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் இல்லாமலேயே பல பன்றிகள் அந்நியக் கல்லீரலை ஏற்றுக்கொண்டன. சிறுநீரகத்துக்கோ தோலுக்கோ அப்படி நடப்பதில்லை. அந்தப் பொறுமையைத்தான் ஹெபடைட்டிஸ் கிருமி பயன்படுத்திக்கொள்கிறது.

அடுத்தது வெள்ளம். இந்தக் கிருமி தன் மேலுறையை மட்டும் தனியாக, காலி டப்பாக்களாக உற்பத்தி செய்து ரத்தத்தில் கொட்டுகிறது. ஒரு முழுக் கிருமிக்கு ஆயிரம் முதல் லட்சம் வரை காலி உறைகள். கார்டில் நாம் பார்க்கும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. அந்த உறைதான். 1965-ல் பாரூக் பிளம்பெர்க்கும் அவருடன் வேலை செய்தவர்களும் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்டதாக எழுதியதும் இதைத்தான். பிளம்பெர்க் பிறந்த நாள்தான் நாம் கூடும் ஜூலை 28. எதிர்ப்பு அணுக்கள் பார்க்கும் இடமெல்லாம் இந்த உறை. எத்தனை பிடித்தாலும் தீராது. பி செல்கள் அந்த உறைக்கு எதிரான நோய் எதிர்ப்புப் பொருளைச் சரியாகத் தயாரிக்க முடியாமல் திணறுகின்றன.

டி செல்களின் கதைதான் என்னை உலுக்கியது. தோழர்களே, டபுள் டூட்டி என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மாற்றாள் வரவில்லை, போகாதே என்பார்கள். முதல் நாள் சமாளிப்போம். பத்தாவது நாள் கை நடுங்கும். முப்பதாவது நாள் நோயாளி கூப்பிடுவது காதில் விழும், கால் எழும்பாது. டி செல்லுக்கு அதுதான் நடக்கிறது. ஒரு கிருமியை நாட்கணக்கில் எதிர்க்கப் படைக்கப்பட்ட செல்லை, வருடக்கணக்கில் அதே கிருமியின் முன்னால் நிறுத்திவைத்தால், அது வேலைத்திறனை ஒவ்வொன்றாக இழக்கிறது. முதலில் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் திறன் போகிறது. பிறகு மற்ற செல்களைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கும் திறன். கடைசியில் இன்டர்ஃபெரான் சுரப்பதும் நிற்கிறது. சில செல்கள் செத்தே போகின்றன. விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயரே ‘டி செல் களைப்பு’. 1990-களில் எலிகளில் முதலில் கண்டார்கள். பிறகு மனிதரின் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டிலும் அதையே கண்டார்கள்.

களைத்த செல்லின் மேல் பி.டி.-1 என்ற ஒரு பிரேக் முளைத்து நிற்கிறது. அந்தப் பிரேக் உடம்புக்குத் தேவையானதுதான். டி செல்கள் அளவு மீறினால் கல்லீரலையே தின்றுவிடும். ஆனால் நாட்பட்ட தொற்றில் பிரேக்கை அழுத்திய கால் எழுவதே இல்லை. பி.டி.-1-ஐக் கண்டறிந்த ஜப்பானின் ஹோன்ஜோவுக்கும், இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆலிசனுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோயில் அந்தப் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் வந்துவிட்டன. புற்றுநோயும் இந்தக் கிருமியும் ஒரே பிரேக்கை மிதித்துக்கொண்டு தப்புகின்றன என்பதை அறிந்தபோது, ஹெபடைட்டிஸ் முற்றிய கல்லீரலில் புற்றுநோய் ஏன் இவ்வளவு சுலபமாக வேர்பிடிக்கிறது என்பதற்கு ஒரு விடை கிடைத்ததாக எனக்குப் பட்டது. காவல் நிற்க வேண்டியவர்கள் அங்கே ஏற்கெனவே சோர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் சண்டை முழுதாக நின்றுவிடுவதில்லை. களைத்த செல்களும் அரைகுறையாக வேலை செய்கின்றன. அவ்வப்போது விழித்துக்கொண்டு கொஞ்சம் அழிக்கின்றன. கிருமியை ஒழிக்க அது போதாது. கல்லீரலில் தழும்பு விழ அது போதும். அழிவதும் ஆறுவதும், அழிவதும் ஆறுவதும். வருடத்துக்கு வருடம் நார் படிந்து, கல்லீரல் கெட்டிப்படுகிறது. என் பதினோரு வருடம் அதுதான். மருந்து இல்லாமல் மேலுறை தானாக ரத்தத்திலிருந்து மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு நடந்தால் பெரிது.

‘அப்படியானால் எனக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா? சளி பிடிக்குமா?’ என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. இந்தக் களைப்பு பெரும்பாலும் இந்தக் கிருமிக்கு எதிரான செல்களுக்குத்தான். மற்றக் கிருமிகளோடு உடம்பு பழையபடி மோதும். அதனால்தான் வெளியே எதுவும் தெரிவதில்லை. ஆனால் சிரோசிஸ் வந்துவிட்டால் கதை மாறிவிடும். ரத்தத்தில் கிருமிகளை வடிகட்டும் வேலையைக் கல்லீரல் விட்டுவிடுகிறது. ஆல்புமினும், கிருமியைக் குறிவைக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் குறைகின்றன. மண்ணீரல் வீங்கி வெள்ளணுக்களைச் சிறைபிடிக்கிறது. குடலின் பாக்டீரியா சுவர் தாண்டி வயிற்று நீரில் போய்ச் சேருகிறது. அப்போது சாதாரணக் கிருமியும் உயிரைக் கொண்டுபோகும்.

என் அம்மா 1996-ல் அப்படித்தான் போனார். வயிறு வீங்கிக்கொண்டே வந்தது. ஊரில் மகோதரம் என்றார்கள். சிலர் செய்வினை என்றார்கள். ஒருவர், அம்மா ஒளித்து வைத்துக் குடித்திருப்பார் என்றுகூடச் சொன்னார். என் அம்மா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கடைசி வாரம் காய்ச்சல்கூடப் பெரிதாக அடிக்கவில்லை. வயிற்று நீரில் சீழ் பிடித்துவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். ஏன் என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை. 2019-க்குப் பிறகு என் அண்ணனையும் தங்கையையும் அழைத்துவந்து பார்த்தேன். மூன்று பேருக்கும் இரண்டு கோடு. எங்கள் மூவருக்கும் அம்மாதான் தெரியாமல் தந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அம்மாவுக்கு யார் தந்தார்கள் என்பதைக் கேட்டுப் பயனில்லை. 1973-ல் நான் பிறந்தபோது அதற்குத் தடுப்பூசி கிடையாது. இன்று இருக்கிறது. இன்றும் ஒரு குழந்தை அப்படிப் பிறந்து மாட்டிக்கொண்டால் அது யாருடைய குற்றம்?

ஹெபடைட்டிஸ் சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது தன் முகத்தை ஓயாமல் மாற்றிக்கொண்டே போகிற கிருமி. எதிர்ப்புப் பொருள் தயாராகும்போது அது வேறு முகத்தில் நிற்கும். பி செல்களை ஓயாமல் தூண்டித் தூண்டி, சிலருக்குக் குளிரில் உறைகிற புரதங்கள் ரத்தத்தில் சேர்ந்து காலில் சிவப்புத் தடிப்பாகவும் மூட்டுவலியாகவும் வெளிப்படும். நிணநீர்ப் புற்றுநோய் வரை போகலாம். நல்ல செய்தி, இதற்கு 8 முதல் 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குணமாகிறார்கள். ஆனால் கிருமி போன பிறகும் களைத்த டி செல்கள் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அவற்றின் மரபணுப் பொதியிலேயே தழும்பு நிற்கிறது என்று 2021-ல் வந்த ஆய்வுகள் காட்டின. எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. சி-க்குத் தடுப்பூசி இல்லை. குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம்.

இனி நாட்டைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடி. சி-யோடு இன்னும் 55 லட்சம். உலகம் முழுக்க இந்த நோய்களால் அந்த ஆண்டு ஒரு நாளைக்கு 3,500 பேர் இறந்தார்கள். பி உள்ளவர்களில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். மருந்து சாப்பிடுகிறவர்கள் 3 பேர். இந்தக் கடைசி இரண்டு எண்ணைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். நோயைவிடப் பெரிய நோய் அங்கே இருக்கிறது.

நமக்கு இது வேலையிடத்தில் நிற்கும் ஆபத்து. தடுப்பூசி போடாத ஒருவரை ஹெபடைட்டிஸ் பி கிருமியுள்ள ஊசி குத்தினால், நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை தொற்று பெறலாம். எச்.ஐ.வி.க்கு அது ஆயிரத்தில் மூன்று. நாம் எச்.ஐ.வி. கேஸ் என்றால் மூன்று கையுறை மாட்டுகிறோம்; ‘ஹெபடைட்டிஸ் கேஸ்’ என்றால் அலட்சியமாகத் துடைக்கிறோம். உலர்ந்த ரத்தத்தில் இந்தக் கிருமி 7 நாளாவது உயிரோடு இருக்கும். 2009-ல் குஜராத்தின் சபர்காந்தா மாவட்டம் மோடாசா பகுதியில் ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பல பத்து உயிர்கள் போனதை மறந்துவிடக் கூடாது. ஒரு சிரிஞ்சைத் தூக்கி எறிய மனம் வராததன் விலை அது.

நம்மோடு வேலை செய்த ஓர் அக்கா, குப்பைப் பை தூக்கும்போது தொடையில் ஊசி குத்தியதை மேற்பார்வையாளரிடம் சொன்னார். “பேண்டேஜ் போட்டுக்கோ” என்று அனுப்பிவிட்டார்கள். ஊசி கிடக்க வேண்டியது துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். அது பையில் கிடந்தது. அக்கா ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் பதிவேட்டில் எழுதவும் ஆள் இல்லை. அப்போது யாராவது ஒருவர் அவரை 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலினுக்கும் தடுப்பூசிக்கும் கூட்டிப்போயிருந்தால் தொற்றிலிருந்து பெரும்பாலும் தப்பியிருப்பார். நாமும் ஒருவரும் கூட்டிப்போகவில்லை. அதை நான் இன்றுவரை என் மேல் வைத்திருக்கிறேன்.

தோழர்களே, இதை நாம் தயவு கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. 2016-ன் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதை நிறுவனத்தின் கடமை என்றே சொல்கின்றன. வேலைக்குச் சேரும்போதும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. நிரந்தரம், ஒப்பந்தம் என்று விதியில் கோடு கிழிக்கவில்லை. கோடு கிழிப்பது சம்பளப் பட்டியல். நம் கோரிக்கைக் கடிதத்தின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: கழிவு தொடும் ஒவ்வொரு கைக்கும் மூன்று தவணை ஊசி, மூன்றாவது தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புப் பொருள் 10-ஐத் தாண்டியதா என்று ஒரு பரிசோதனை, ஊசி குத்தினால் அன்றே பதிவு, அன்றே மருந்து.

பிரசவ வார்டு தோழர்களே, உங்களிடம் தனியாகக் கேட்கிறேன். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் அந்த முதல் ஊசி தாமதமானால் அது வெறும் தாமதம் அல்ல. ஒரு குழந்தையின் டி செல்கள் வாழ்நாள் முழுக்கக் களைத்துப்போவதற்கும் களைக்காமல் இருப்பதற்கும் நடுவில் அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை, ஃபிரிட்ஜ் சாவி இல்லை என்ற காரணங்கள் அந்தக் குழந்தைக்குத் தெரியாது. நம் நாட்டில் இந்தத் தடுப்பூசி 2002-ல் சில இடங்களில் தொடங்கி, 2011-ல் நாடு முழுக்க வந்தது. ஹெபடைட்டிஸ் பி உட்பட ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசியை நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்களில் ஒன்று நம் தமிழ்நாடு, இன்னொன்று கேரளம். ஆனால் அந்த ஊசி ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. அம்மாவிடமிருந்து வரும் கிருமி ஆறு வாரம் காத்திருக்காது. தைவான் 1984-ல் கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கியது. அங்கே சிறுவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வருவதே குறைந்தது. புற்றுநோயைத் தடுக்கும் முதல் ஊசி இதுதான். கர்ப்பிணிக்குக் கிருமி அளவு அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை தரலாம். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் கொடுமையை உங்கள் வார்டில் யாராவது செய்தால் அங்கேயே தடுங்கள். ஊசி போட்ட குழந்தைக்குப் பால் ஆபத்தில்லை.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் நான் இந்தக் கடிதத்தை முடித்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்னை விடமாட்டார்கள். கேலி செய்ய நான் வரவில்லை. நம் சென்னையிலேயே எஸ். பி. தியாகராஜனும் அவர் குழுவும் கீழாநெல்லியைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள். 1988-ல் லான்செட் இதழில் வந்த அவர்கள் கட்டுரையில், மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேலுறை மறைந்ததாக இருந்தது. பிளம்பெர்க்கும் அந்த ஆய்வில் பங்காளி. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. ஒரு மூலிகையைச் சரியான சோதனைக்குக் கொண்டுபோன துணிச்சலை மதிக்கிறேன். அந்தச் சோதனை சொன்ன விடையையும் அதே மரியாதையோடு ஏற்க வேண்டும். தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ-யில் கண் மஞ்சளாகிச் சில வாரங்களில் தானாகத் தெளியும். அதைப் பார்த்துத்தான் பத்தியமும் கஷாயமும் காமாலையைக் குணமாக்கியதாக நம்புகிறோம். பி-யும் சி-யும் அப்படிப் போகாது.

‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று டப்பாவில் எழுதி விற்பதை வாங்குவதையும் விடுங்கள். எதிர்ப்பு சக்தி தொட்டியில் தண்ணீர் மாதிரி கூட்டவும் குறைக்கவும் இருக்கும் பொருள் அல்ல. நம் நோயில் அந்தச் சக்தியே சில நேரம் கல்லீரலை உடைக்கிறது. கொரோனா நேரத்தில் சீந்தில் கொடி குடித்துக் கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

இதைவிடவும் கூர்மையான ஆபத்து ஒன்று உண்டு. களைத்த அந்தப் படை இருக்கும் கொஞ்ச நஞ்சப் பலத்தால்தான் கிருமியைக் கட்டிவைத்திருக்கிறது. புற்றுநோய்க்குக் கீமோ கொடுக்கும்போது, ரிட்டுக்ஸிமாப் கொடுக்கும்போது, வாரக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்கும்போது அந்தப் பலமும் போய்விடும். கிருமி அவிழ்த்துவிட்டாற்போல் பெருகும். மருந்து முடிந்து எதிர்ப்பு திரும்பும்போது, கிருமி நிறைந்த கல்லீரலை அது ஒரே மூச்சில் தாக்கும். புற்றுநோயிலிருந்து தப்பியவர் கல்லீரல் செயலிழந்து இறப்பது இப்படித்தான். முன்கூட்டியே ஒரு கார்டு டெஸ்ட்டும் ஒரு கோர் ஆன்டிபாடி டெஸ்ட்டும் பார்த்து, தேவையானவருக்கு மாத்திரை தொடங்கினால் இதைத் தடுத்துவிடலாம். மூட்டுவலிக்கென்று ஊரில் கண்ட இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் நம் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கீமோ வார்டு தோழர்கள், இந்த இரண்டு ரிப்போர்ட் இல்லாத கேஸ் ஷீட்டைக் கண்டால் வாய்திறந்து கேளுங்கள்.

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகுடா போக மெடிக்கல் எடுத்து ‘அன்ஃபிட்’ என்று முத்திரை விழுந்து, கடன் வாங்கிய பணத்தோடு ஊர் திரும்பிய இளைஞர்களை நான் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன். தட்டைத் தனியாக வைத்த மாமியார்களையும் பார்த்திருக்கிறேன். ஒன்றாகச் சாப்பிட்டால், கை குலுக்கினால், கட்டிப்பிடித்தால் இது தொற்றாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், பகிர்ந்த ஊசி, பகிர்ந்த பிளேடு, வழிகள் இவைதான். எச்.ஐ.வி.யோடு வாழ்பவருக்கு 2017-ல் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஹெபடைட்டிஸ் உள்ளவருக்கு அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. அது வரும்வரை நாம்தான் ஒருவருக்கொருவர் பாதுகாப்பு. எவருடைய ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அவர் வேலை போகாது என்பதைச் சங்கம் எழுத்தில் வாங்க வேண்டும்.

எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆனால் இரண்டு கோடு விழுந்த எல்லோருக்கும் தொடர்ந்து பார்க்க வேண்டும்: கிருமி அளவு, எஸ்.ஜி.பி.டி., ஃபைப்ரோஸ்கேன், ஆறு மாதத்துக்கு ஒரு வயிற்று ஸ்கேன். 2024-ல் உலகச் சுகாதார நிறுவனம் மருந்து தொடங்கும் வரம்பை இன்னும் தளர்த்தியிருக்கிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நான் டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன். தினம் ஒன்று. கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய்விட்டது. அந்த மூடிய வளையத்தை எந்த மாத்திரையும் இன்னும் அழிக்கவில்லை என்பதால், நானாக நிறுத்தமாட்டேன். நீங்களும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். போன மாத ஃபைப்ரோஸ்கேனில் என் தழும்பு ஒரு படி இறங்கியிருக்கிறது.

ஜூலை 28. காலை ஷிஃப்ட் முடியும் இரண்டு மணி. கோரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே ஆய்வக வாசலுக்கு வாருங்கள். என் பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒப்பந்தத் தோழர்கள் முதலில் வரட்டும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாருங்கள்.